மண்டகப்பட்டும் ஆங்கோரும்

(செஞ்சியில் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



கோயில்களைப் பார்க்கப் போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தார் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். சுயமரியாதைக்காரனுக்குக் கோயிலில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நமது வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. 2025ஆம் வருஷம் கோடை லீவில் நமது மகளும், மருமகனும், பேத்தியும் கம்போடியாவுக்கு, அதாவது பழைய புத்தகங்களில் காம்போஜம் என்று சொல்லப்படும் தேசத்துக்குப் புறப்பட்டபோது, நம்மையும் நமது துணைவியாரையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனார்கள். “கோயில் வாசலை மிதிக்காத மாமாவை விமானத்தில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போகிறோமே” என்று மருமகன் பரிகாசம் செய்தார். அதற்கு நாம், “கும்பிடப் போகிறவன்தான் கோயிலுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொள்கிறான். நமக்கு அந்த அவசியம் இல்லாததால் கொடுத்த காசுக்கு நன்றாகப் பார்த்துவிட்டு வருவோம்” என்று சொன்னோம். காசும் கொஞ்சமல்ல. கோயில்களைப் பார்ப்பதற்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 37 டாலர். நம் ஊர்க் கோயில்களில் உண்டியல் உள்ளே இருக்கிறது. அங்கே வெளியிலேயே வாங்கிவிடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆங்கோர் வாட் என்பது 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் என்ற அரசன் விஷ்ணுவுக்கென்று கட்டியது. அதைச் சுற்றியுள்ள அகழி மாத்திரம் ஏறக்குறைய 190 மீட்டர் அகலம். நம் செஞ்சிக் கோட்டை அகழியைப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் அதைப் பார்த்தால் ஏரி என்றே நினைப்பார்கள். தாழ்வாரச் சுவரில் தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடைகிற சித்திரம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. தெற்குத் தாழ்வாரத்தில் சுவர்க்கம் 37, நரகம் 32. இதில் ஒரு வேடிக்கை. சுவர்க்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். நரகத்திலோ ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு விதமான சித்திரவதை. மனிதனைச் சந்தோஷப்படுத்துவதற்கு இல்லாத கற்பனை, அவனைப் பயப்படுத்துவதற்கு மாத்திரம் எங்கிருந்துதான் வருகிறதோ தெரியவில்லை. ஆனாலும் சிற்பம் சிற்பந்தான். அதைச் செதுக்கிய கைகளை நாம் மெச்சாமல் இருக்க முடியாது. பகுத்தறிவுக்காரன் என்றால் நல்ல வேலையைக் கண்டு நல்ல வேலை என்று சொல்லக்கூடாது என்பதில்லை.

நிற்க, ஆங்கோர் வாட்டைவிட நமது மனத்தில் தைத்தது தா புரோம் என்கிற இன்னொரு கோயில். பெரிய மரங்களின் வேர்கள் மலைப்பாம்பைப் போல் கோபுரங்களைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. போகிறவர்கள் எல்லாரும் அந்த வேருக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அங்கே 1186ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏழாம் ஜெயவர்மன் தன் தாயாரின் நினைவுக்காகக் கட்டிய அந்தக் கோயிலுக்கு எவ்வளவு செலவு என்பதை அது கணக்காகச் சொல்கிறது. அந்த ஒரு கோயிலுக்காக உழைக்க விடப்பட்ட கிராமங்கள் 3,140. அவற்றிலிருந்து ஊழியம் செய்த ஜனங்கள் 79,365 பேர். தலைமைக் குருமார் 18 பேர். அவர்களுக்குக் கீழே காரியஸ்தர்கள் 2,740 பேர். ஆடும் பெண்கள் 615 பேர். தோழர்களே! பதினெட்டுப் பேர் மேலே உட்கார, எழுபத்தொன்பதாயிரம் பேர் கீழே நெல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்றால் இதற்குப் பக்தி என்று பெயரா, ஜமீன்தாரி என்று பெயரா? அதே கல்வெட்டில் அந்த அரசன் தன் ராஜ்யத்தில் 102 ஆஸ்பத்திரிகள் நடத்தினான் என்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டியதே நியாயம்.

பேத்திக்கு வயது ஒன்பது. அவள், “தாத்தா, அத்தனை பேரும் எங்கே தூங்குவாங்க?” என்று கேட்டாள். வழிகாட்டிப் பையனிடம் கேட்டோம். மரத்தாலும் ஓலையாலும் கட்டிய வீடுகளில். அவையெல்லாம் மக்கிப்போய்விட்டன என்றான். ராஜாவின் அரண்மனைகூட மரந்தானாம். கல் என்பது சாமிக்கு மாத்திரம். 1296ஆம் வருஷத்தில் அங்கே போயிருந்த சௌ தாகுவான் என்ற சீனர், அந்நாட்டு வீடுகளில் அடிமைகள் வீட்டுக்கு அடியில்தான் படுக்கவேண்டும், வேலைக்காக மேலே ஏறினால் மண்டியிட்டுக் கைகூப்பிக்கொண்டுதான் வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். இதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள், “நம்ம ஊரிலும் அப்படி இருந்துச்சா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விமானத்தில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல முடியாது என்பதற்காகவே, அடுத்த லீவில் குடும்பத்தோடு மண்டகப்பட்டுக்குப் போவதென்று தீர்மானித்தோம்.

மண்டகப்பட்டு உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஊர்தான். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் பாதையில், இருபது கிலோமீட்டருக்குள். தெரிந்த ஊர் என்பதாலேயே போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள். இவ்வூர்க்காரர்கள் எத்தனை பேர் திருப்பதிக்கும் பழனிக்கும் வருஷந் தவறாமல் போகிறார்கள்! பக்கத்துப் பாறையில் ஆயிரத்து நானூறு வருஷத்துச் சரித்திரம் வெயிலில் கிடக்கிறது. அதை எட்டிப் பார்ப்பதில்லை. புதுச்சேரியில் இருந்த ஜூவோ துப்ரேல் என்ற பிரெஞ்சுக்காரர் நூறு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்துக் குகைகளையெல்லாம் அலைந்து பார்த்து எழுதினார். அவருக்கு இங்கே என்ன வேண்டுதல் இருந்தது? ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

நாம் போன அன்று அங்கே டிக்கட்டுக் கேட்பார் எவருமில்லை. பாறையின் முகத்தைக் குடைந்து ஒரு மண்டபம். முகப்பில் இரண்டு தூண்கள், ஓரங்களில் இரண்டு அரைத்தூண்கள். தூணின் அடியும் தலையும் சதுரம். நடுவில் எட்டுப் பட்டை. இரண்டு ஓரத்திலும் தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு வாயில்காப்போர். உள்ளே பின்சுவரில் வரிசையாக மூன்று அறைகள். அவ்வளவுதான் கோயில். ஆங்கோரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது ஒரு மாட்டுத் தொழுவம்போல் தெரியும். நமது மருமகன், “இதற்காகவா காரை எடுத்துக்கொண்டு வந்தோம்?” என்றார். ஆனால் அந்தப் பெரிய மரத்துக்கு இதுவும் ஒரு விதை என்பதைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கவேண்டும்.

இதைக் குடையச் செய்தவன் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பம். முகப்பில் கிரந்த எழுத்தில், ஸமஸ்கிருத பாஷையில், ஒரு சிறிய கல்வெட்டு இருக்கிறது. அதன் சாரம் என்னவென்றால், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசுவரன், விஷ்ணு என்கிற மூவருக்கும் இந்த ஆலயத்தை விசித்திரசித்தன் என்னும் அரசன் உண்டாக்கினான் என்பது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டப்பெயர்களில் ஒன்று. மத்தவிலாசன், குணபரன், சத்துருமல்லன் என்று இன்னும் பல உண்டு.

நாம் இதைப் பேத்திக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். செங்கல் இல்லை, மரம் இல்லை, இரும்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. அவள் விரல் விட்டு எண்ணிவிட்டு, “இரும்பு இல்லாம பாறையை எப்படித் தாத்தா வெட்டினாங்க?” என்று கேட்டாளே பார்க்கலாம்! நாமும் பல வருஷங்களாகப் படித்திருக்கிறோம்; நமக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. கோயிலில் இரும்பு இல்லைதான். ஆனால் கோயில் முழுவதும் இரும்பால் ஆயிற்று. உளி இரும்பு, சம்மட்டி இரும்பு. மழுங்கிய உளியை மறுபடி மறுபடி உலையில் காய்ச்சித் தட்டிக் கொடுத்த கொல்லன் ஒருவன் அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டுக்கொண்டு இருந்திருக்கவேண்டும். அவனில்லாமல் ஒரு நாள் வேலைகூட நடந்திராது. ராஜா தன் கோயிலில் எதெது இல்லை என்று ஜாபிதா எழுதி வைத்தான். அந்த ஜாபிதாவில் எழுதாமல் விட்ட இன்னொரு ‘இல்லை’யும் இருக்கிறது. அதாவது கல் தச்சன் பேர் இல்லை, கொல்லன் பேர் இல்லை, கல்லை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய ஆண், பெண் ஒருவர் பேரும் இல்லை. உண்டாக்கினவன் அரசனாம்! அரசன் ஒரு சில்லு கல்லையாவது தட்டியிருப்பானா?

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறையில் வேலைக்காரர்களின் பெயர்கள் சில வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன் என்றும், கொல்லன் சேமகன் என்றும் இன்னும் சில பேர்கள். அந்தப் பக்கம் லீவில் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்தப் பாறையைக் கேட்டு விசாரித்துக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தபடியாக, அரசன் எந்தப் பாஷையில் எழுதினான் என்பதைக் கவனியுங்கள். மண்டகப்பட்டிலே அன்றைக்கு மாடு மேய்த்தவன் பேசினது தமிழ். பாறையைக் குடைந்தவன் பேசினது தமிழ். எழுதினது ஸமஸ்கிருதம். யார் படிப்பதற்கு? இதே மகேந்திரன் காலத்தில் காம்போஜத்தில் நடந்ததைக் கேட்டால் இது நன்றாக விளங்கும். வருஷம் குறிப்பிட்டு க்மேர் பாஷையில் எழுதப்பட்ட கல்வெட்டுகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது ஆங்கோர் போரேய் என்ற ஊரிலே கிடைத்தது. வருஷம் 611. எழுத்து தென்னிந்தியாவிலிருந்து போன எழுத்து. நமது பல்லவர் எழுத்துக்கு உறவு. சரி, அந்தத் தேசத்தார் தங்கள் தாய்ப்பாஷையில் வருஷம் போட்டுக் கல்லில் எழுதிய அந்தப் பழைய விஷயம் என்னவென்று நினைக்கிறீர்கள்? காவியமா? வைத்தியமா? இல்லை, தோழர்களே! கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட அடிமைகளின் ஜாபிதா. அப்பால் வந்த கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். சாமியையும் ராஜாவையும் புகழ்வதற்கு ஸமஸ்கிருத சுலோகம். இன்னின்ன ஆள், இன்னின்ன மாடு, இவ்வளவு வயல் என்ற கணக்குக்கு ஊர்ப்பாஷை. 

நம் நாட்டில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? காசாக்குடியில் கிடைத்த பல்லவர் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் வம்சம் பிரமனிலிருந்து பிறந்து வந்த பெருமையெல்லாம் ஸமஸ்கிருதத்தில் இருக்கும். பிராமணனுக்குத் தானம் கொடுத்த ஊருக்குக் கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது, எந்த வாய்க்காலில் தண்ணீர் எடுக்கலாம் என்கிற விவரம் வந்தவுடன் தமிழ் வந்துவிடும். ஏனென்றால் அதை ஊரார் தெரிந்துகொண்டு அடங்கி நடக்கவேண்டுமல்லவா? பெருமை அவர்கள் பாஷையில். கீழ்ப்படிதல் நம் பாஷையில்! ஸமஸ்கிருதத்தைப் படிக்கக்கூடாது என்பதல்ல நமது கட்சி. படித்தால்தான் இந்தச் சூது வெளியாகிறது.

இனி, கல்லுக்கு வருவோம். அதுவரைக்கும் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டிருந்த கோயிலைக் கல்லுக்கு மாற்றினதில் என்ன கெட்டுவிட்டது, அது முன்னேற்றம்தானே என்று மருமகன் கேட்டார். அவர் கட்டட வேலைக்காரர். ஆகையால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கைத்தொழில் என்ற அளவில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மரக் கோயிலுக்கு ஒரு குணம் உண்டு. அது உளுத்துப்போகும். செங்கல் கோயில் மழையில் கரையும். ஐம்பது, நூறு வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊர் கூடி, “இதை மறுபடி கட்டவேண்டுமா, வேண்டாமா?” என்று யோசிக்கவேண்டி வரும். யோசிக்க ஒரு சந்தர்ப்பம் இருக்கிறவரையில் மனிதனுக்கு மோட்சம் உண்டு. கல்லில் கட்டியபின் அந்தச் சந்தர்ப்பம் போய்விட்டது. சாமி நிரந்தரமாயிற்று, சாமிக்கு விட்ட நிலம் நிரந்தரமாயிற்று, அந்த நிலத்தை அனுபவிக்கிறவன் பாத்தியதை நிரந்தரமாயிற்று, சந்திரனும் சூரியனும் உள்ளவரையில் என்று சுவரிலேயே வெட்டிவிட்டான். சுவரே பத்திரம்! நம் வீட்டுப் பத்திரத்தைக் கரையான் தின்னும். சாமி வீட்டுப் பத்திரத்தை எது தின்னும்?

நிலம் மாத்திரமா? ஆட்களுந்தான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டி 1010இல் முடித்த இராசராசன், மற்றக் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து, ஆளுக்கொரு வீடும், ஒரு பங்கு நூறு கலம் நெல்லும் என்று குடிவைத்தான். அந்தப் பெண்களின் பேர்கள் ஒவ்வொன்றும் சுவரில் இருக்கின்றன. தா புரோமில் 615, தஞ்சாவூரில் 400. இதைப் பொட்டுக்கட்டும் வழக்கமாக்கி, ஒரு வம்சத்துப் பெண்களையே கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, அதைத் தடுக்க வந்தபோது மதம் போய்விட்டது என்று கூச்சல் போட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எத்தனை வருஷம் பாடுபட்டபின் 1947இல் சட்டம் வந்தது என்பது நமது இயக்கத்தாருக்குத் தெரியும். இன்னொன்று கேளுங்கள். திருப்பாம்புரம் கோயிலில் 1201ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்றில், பஞ்சத்தில் அடிபட்ட வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரண்டு பெண் மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கே அடிமையாக விற்றுக்கொண்ட சங்கதி இருக்கிறது. பசித்து வந்தவனுக்கு அந்தச் சாமி சோறு போடவில்லை, விலை போட்டது. பேத்தி கேட்டாளே, நம்ம ஊரிலும் அப்படி இருந்ததா என்று. அதற்குப் பதில் இதுதான்.

மகேந்திரனைப் பற்றி இன்னொரு வார்த்தை. அவன் வெறும் மூடபக்தன் என்று நாம் நினைத்துவிடக்கூடாது. மத்தவிலாசம் என்று ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருக்கிறான். கபாலம் ஏந்திய சாமியார் ஒருவன் காஞ்சியில் குடித்துவிட்டுத் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்த பிட்சுதான் திருடினான் என்று சண்டை பிடிக்கிறான். மத்தியஸ்தத்துக்கு வருகிற பாசுபதன் ஒருவன், அவனும் யோக்கியனல்லன். கடைசியில் கபாலம் ஒரு பைத்தியக்காரன் கையில் இருக்கிறது; அவன் அதை ஒரு நாயினிடமிருந்து பிடுங்கியிருக்கிறான். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னே சாமியார்களை இப்படிச் சந்தி சிரிக்க வைத்த ராஜா! இன்றைக்கு ஒருவர் இப்படி நாடகம் போட்டால் மனம் புண்பட்டுவிட்டது என்று எத்தனை வழக்குப் போடுவார்கள்! ஆனால் இவ்வளவு தெரிந்த அந்தப் புத்திசாலியும் என்ன செய்தான்? நாடகத்தில் சிரித்துவிட்டு, பாறையில் சாமிக்கு அறை குடைந்தான். அப்பர் சைவத்துக்குத் திருப்பிய அரசன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் சிவனுக்குக் குணபரவீச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் பெருமையாகச் சொல்கிறது. குணபரன் என்ற பேரைக் கொண்டு அவன் இந்த மகேந்திரனே என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். இடித்தது வாஸ்தவமோ பொய்யோ, இடித்ததைப் புண்ணியமாகப் பாட ஒரு புராணம் இருக்கிறதே, அது வாஸ்தவம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் சமணர்கள் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. அவர்கள் இந்த ஜில்லாவில் எவ்வளவு பரவி இருந்தவர்கள், இன்று எவ்வளவு பேர் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்போஜத்திலும் இதே கதைதான். ஏழாம் ஜெயவர்மன் காலத்துக்குப் பின் 13ஆம் நூற்றாண்டில் புத்தர் உருவங்களை ஆயிரக்கணக்கில் கொத்தி எடுத்துவிட்டு, சில இடத்தில் லிங்கமாக மாற்றியிருக்கிறார்கள். கொத்தின வடு இன்னும் சுவரில் இருக்கிறது. நாம் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2025 ஜூலையில், சயாமுக்கும் (தாய்லாந்துக்கும்) கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை வந்துவிட்டது. சண்டை மூண்ட இடத்திலே இருப்பது தா முயன் தோம் என்கிற ஒரு பழைய சிவன் கோயில். இதற்கு முன் பிரே விகார் என்கிற இன்னொரு சிவன் கோயிலுக்காகச் சர்வதேச நீதிமன்றம் வரையில் போய், 1962இல் அது கம்போடியாவுக்குச் சொந்தம் என்று தீர்ப்பாகி, அதன்பின்னும் 2008 முதல் 2011 வரையில் சுட்டுக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் புத்த மதத்தார். சாமியோ சிவன். அவரைக் கும்பிட அங்கே இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. அவருக்காகச் சாக மாத்திரம் ஆள் இருந்தது!

இதையெல்லாம் மண்டகப்பட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியார் வெயிலுக்காக உள்ளே வந்து உட்கார்ந்தார். “சாமி, தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க” என்றார். தண்ணீர் கொடுத்து, “எம்மைச் சாமி என்று கூப்பிடாதீர்கள் அம்மா, நாமும் உங்களைப்போல மனுஷர்தான்” என்றோம். பேத்தி அவரிடம், “பாட்டி, இங்கே சாமி எங்கே போச்சு?” என்று கேட்டாள். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்சு இல்ல கண்ணு. இருந்தா என்னை இப்பிடி உள்ள குந்த உட்ருப்பாங்களா?” என்று சொன்னார்.

தோழர்களே! நாம் நாற்பது வருஷமாக மேடையில் பேசுவதை அந்த அம்மையார் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் சொல்லிவிட்டார். மண்டகப்பட்டில் மூன்று அறையும் காலி. பிரமனும் இல்லை, ஈசுவரனும் இல்லை, விஷ்ணுவும் இல்லை. அதனால் அங்கே தீட்டும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பலகையில் கல்லைக் கெடுக்காதே என்றுதான் இருக்கும். நீ எந்தத் தெரு என்று இருக்காது. சாமி குடியிருக்கிற கோயில்களின் கதை என்ன? முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ ராஜா ஒரு கல்லைக் காணிக்கையாகக் கொடுக்க, அதைச் சிதம்பரம் கோயிலில் வைத்ததாக அங்கேயே 1114ஆம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கிறது. கடல் தாண்டி வந்த கல்லுக்கு அந்தக் கோயிலில் இடம் இருந்தது. பக்கத்து ஆதனூரிலிருந்து நடந்து வந்த நந்தன் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது என்று அவர்களுடைய புராணமே சொல்கிறது. கல்லைச் சுத்தி செய்ய யாராவது தீ வளர்த்தார்களா?

அது பழங்கதை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்லுவார்கள். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் போனார்கள். அதே வருஷம் சட்டம் வந்தது. 1947இல் மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. இவ்வளவுக்கும் பின், இதே விழுப்புரம் ஜில்லாவில், மேல்பாதி கிராமத்தில், 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே போன ஆதிதிராவிட வாலிபர்கள் அடிக்கப்பட்டார்கள். பேசிப் பார்த்தும் முடியாமல் ஜூன் 7ஆம் தேதி சர்க்கார் அந்தக் கோயிலுக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தது. 2025 ஏப்ரலில், அதாவது நாம் கம்போடியாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போனார்கள். அம்மன் தெருவில் இருக்கிறாள், அவளைப் பார்க்க ஐகோர்ட்டுக்குப் போய் வரவேண்டியிருக்கிறது!

இதிலே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மேல்பாதியில் வழி மறித்தவர்கள் பார்ப்பனர்கள் அல்லர். நம்மவர்கள்தான். ஒரு காலத்தில் தங்களையே சூத்திரன் என்று தள்ளி வைத்த அந்த ஏணியில், தங்களுக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற சந்தோஷத்துக்காக ஏணி முழுவதையும் தோளில் சுமக்கிறவர்கள். பார்ப்பனீயம் என்று நாம் சொல்வது ஒரு ஜாதியின் பேர் மாத்திரமல்ல என்பதை நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே நாம் ஆரம்பித்துப் பார்க்கவேண்டும். ஆங்கோரின் 79,365 பேரைப் பற்றிப் பேசுவது சுலபம். அவர்கள் செத்து எண்ணூறு வருஷம் ஆகிறது. நம்மோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

இங்கே ஒரு தோழர், “கோயிலே வேண்டாம் என்கிற நீங்கள் கோயிலுக்குள் போக ஏன் கிளர்ச்சி செய்கிறீர்கள்?” என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இது வைக்கத்தில் 1924இல் பெரியார் சத்தியாக்கிரகத்துக்குப் போன காலம் முதல் கேட்கப்படுகிற கேள்விதான். கள்ளுக்கடைக்குள் போகாதே என்று ஒருவனுக்கு நாம் சொல்லலாம். ஆனால், நீ கீழ்ஜாதி, இந்தத் தெருவில் நடக்காதே என்று இன்னொருவன் சொன்னால், அந்தத் தெருக் கோடியில் கள்ளுக்கடைதான் இருக்கிறது என்பதற்காக நாம் சும்மா இருக்க முடியுமா? முதலில் தெரு திறக்கட்டும். கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் அவனோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

செஞ்சிக் கோட்டையை 2025இல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து யுனெஸ்கோவார் உலகப் பாரம்பரியம் என்று அறிவித்திருக்கிறார்கள். இனி இந்த ஊருக்கு வெளித்தேசத்தார் நிறைய வருவார்கள். வரட்டும். வருகிறவர்களுக்கு வழி காட்டப்போகிற வாலிபர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் தேசிங்குராஜன் குதிரைக் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல், மண்டகப்பட்டில் இல்லாத இரும்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லப் பழகிக்கொள்ளவேண்டும்.

கடைசியாக ஒரு சங்கதி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இந்த மண்டபத்து வாசலிலிருந்து ஒரு வண்டி புறப்படுகிறது. முதலில் திருநாதர்குன்று, அப்புறம் தளவானூர்க் குகை, சாயங்காலம் மண்டகப்பட்டு. பெண்டு பிள்ளைகளோடு வரவேண்டும். ஆண்கள் மாத்திரம் வருவதானால் வரவேண்டாம். வண்டிச் சத்தத்தை வருகிறவர்கள் பங்கிட்டுக்கொள்வது. சாப்பாடு யாரும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரக்கூடாது; அரிசி பருப்பை ஒன்றாகச் சேர்த்து, அங்கேயே மரத்தடியில் எல்லாருமாகச் சமைத்து, எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. சமைப்பது ஆண்கள். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைக்குப் பக்கத்தில் வந்து எழுதிக்கொள்ளலாம்.